கழுவிய எருக்கிலை

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் நான் ஒரு சாமான். கட்டிலில் வைத்தால் கட்டிலிலேயே இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் டாக்டரம்மா. பத்தொன்பதாம் வாரம் நடக்கிறது. "பாத்ரூம் போகலாம், அவ்வளவுதான். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, வேகமா நடக்கவே கூடாது. ஏழாம் மாசம் தாண்டிட்டா பிள்ளையை நான் காப்பாத்திருவேன். அதுவரைக்கும் நீங்கதான் காப்பாத்தணும்" என்றார்.

ஏழாம் மாதம் தாண்ட வேண்டும். எனக்கு இப்போது வேறு எதுவும் வேண்டாம். முன்பு இரண்டு தடவையும் ஐந்து மாதம்கூடத் தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

டைரி எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர் கருணாகரன். அவர் குஜராத்தில் ஏதோ ஒரு கடற்கரையில் காற்றாலைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். லீவு பேறுகாலத்துக்குத்தான் கிடைக்குமாம். "போனை நோண்டி கண்டதையும் படிச்சுப் பயந்துக்கிட்டு இருக்காத, எழுது" என்றார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவளுக்கு எழுதவா விஷயம் இல்லை?

பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ள எல்லார் வீட்டிலும் அம்மா வருவாள். எனக்கு அம்மா இல்லை, அப்பா வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற லயன்மேன் வேலாயுதம். பையில் நான்கு வேட்டி, பிரஷர் மாத்திரை, ஒரு டெஸ்டர்.

"டெஸ்டர் எதுக்குப்பா?"

"வீடுன்னா கரண்டு இருக்கும்லா தாயி."

ஜனவரி 7, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. தான் சாப்பிட உட்கார்ந்ததும் அவரே கண்டுபிடித்து, "ஏன் சொல்லல?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஜனவரி 8, புதன்

கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி ஜன்னலைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எங்கள் நகரில் பாதி மனை இன்னும் காலிதான். கோவில்பட்டி இந்தப் பக்கமாக வளரும் என்று சொல்லி விற்றார்கள். ஊர் வேறு பக்கம் வளர்ந்துவிட்டது. பக்கத்து மனை முழுக்க எருக்கு. அதில் ஒன்று சுவரை ஒட்டி வளர்ந்து, ஒரு கிளையை ஜன்னல் கம்பிக்குள்ளேயே நீட்டியிருக்கிறது. கை நீட்டினால் இலையைத் தொடலாம்.

எதிர்வீட்டு வேலுத்தாய் அக்கா தலை பின்னிவிட வந்தார். கடலைமிட்டாய் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அவர் வந்தால் அறையெல்லாம் பாகு வாசனை. கிளையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு எருக்கு மூஞ்சிலயா முழிப்பாக? குடியில்லாத வீட்டுலல்லா அது முளைக்கும். அண்ணாச்சிகிட்டச் சொல்லி வெட்டிப் போடுங்க."

"அது பாட்டுக்கு நிக்கிது. நான் பாட்டுக்குப் படுத்திருக்கேன். ரெண்டு பேருமே நகர முடியாத ஆளுங்க. இருந்துட்டுப் போகட்டும்க்கா."

"நீங்க படிச்சவுக. நான் என்னத்தச் சொல்ல?"

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிவாளை எடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஜன்னல் கட்டையில் ஒரு கோடு விபூதி இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

காலையில் ஒரு வெந்தய வரியன் வந்தது. ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி, சிறகின் ஓரம் கறுப்பு. இலைக்கு அடியில் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்தது. அடுத்த இலைக்குப் போய் இன்னொன்று. ஒரு இலைக்கு ஒன்றுதான். கெட்டிக்காரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஏமாறுவதில்லை.

அப்பாவின் வாசிப்புக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ரவையைவிடச் சின்னது.

ஜனவரி 12, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் முட்டை பொரிந்தது. புழு கண்ணுக்குத் தெரியாத அளவு. முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்றது. அப்புறம் இலையில் முதல் கடி. கடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு வந்தது. அந்தப் பொட்டு புழுவின் தலையைவிடப் பெரியது. புழு பின்வாங்கப் பார்த்தது. வாய் ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது, அப்புறம் ஆட்டவில்லை. பால் காய்ந்து பிசின் ஆகிவிட்டது.

பக்கத்து இலையில் இருந்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

எனக்குத் தெரியாத விஷயமா? வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எருக்கின் பால் அதற்குச் சாப்பாடு இல்லை, காவல். இலை, தண்டு எல்லாவற்றிலும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் பால் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்கும். கடித்தவன் வாயில் பீய்ச்சும். ஒட்டியே பாதிப் பேரைக் கொல்லும். விழுங்கினவன் இதயத்தை அதிலிருக்கும் விஷம் பார்த்துக்கொள்ளும். ஆடு மாடு வாய் வைக்காது. அந்த விஷத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்த சில பூச்சிகளில் இந்த வெந்தய வரியனும் ஒன்று. விஷம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பிறந்த அன்றைக்கு அந்தப் பசையைத் தாண்ட வேண்டும். பல குஞ்சுகள் தாண்டுவதில்லை. கரும்பலகையில் எழுதும்போது அது வெறும் விழுக்காடு.

அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்பா காப்பியோடு வந்தவர் டம்ளரை வைக்க இடம் தெரியாமல் நின்றார்.

"புழுவுக்கா தாயி அழுத?"

"முதல் கடிப்பா. முதல் கடியிலயே."

அவர் ஜன்னல் பக்கம் போய் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். இலையைப் பறித்துவிட்டால் குழாயில் அழுத்தம் போய்விடும். காம்பு வழியாகப் பாலை வடியவிட்டு, துணியால் துடைத்து, குழாயடியில் கழுவிப் போட்டால் புழு பயமில்லாமல் தின்னும் என்று.

"இம்புட்டுதான?" என்றார்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய பாயை எரிக்க வேண்டும் என்றார் அப்பா. பழைய பாய் எதுவும் இல்லை என்றதும் ஏமாந்து போனார். ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை எடுத்து மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மீதி முட்டைகளை இலையோடு உள்ளே வைத்து, பக்கத்தில் கழுவிய தளிரிலையும் போட்டார். ஜாடி என் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். படுத்துக்கொண்டே பார்க்கிற மாதிரி கதவுக்கு நேராக வாசலில் அடுப்பு மூட்டினார். புகை முழுக்க உள்ளே வந்தது. பால் பொங்கினபோது அவரும் வேலுத்தாய் அக்காவும் மட்டும் கூவினார்கள். நான் மெதுவாகக் கூவினேன், தையலுக்குப் பயந்து.

வயிற்றுக்குள் மீன் குஞ்சு திரும்பின மாதிரி ஏதோ ஒன்று. முதல் அசைவு. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

ஜனவரி 15, புதன்

சொல்லிவிட்டேன். அப்பா எழுந்தார். உள்ளே போய் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ஜாடியில் ஏழு புழு. ஒன்றுகூடச் சாகவில்லை. அப்பா காலையும் மாலையும் இலை பறிக்கிறார், துடைக்கிறார், கழுவுகிறார், உதறுகிறார். எனக்குக் கீரை ஆய்வதைவிட அதில் கவனம் அதிகம். கழுத்தில் கிடக்கிற துண்டெல்லாம் பால் கறை, கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக் கிடக்கிறது.

"கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கப்பா. அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து."

"கம்பத்துல நின்னு வேல பாத்தவன்கிட்ட ஆபத்தப் பத்திச் சொல்லுதியா?"

ஜனவரி 21, செவ்வாய்

ஜன்னல் கிளையிலும் ஒருவன் தப்பியிருக்கிறான். அப்பா கண்ணில் படாமல் எங்கேயோ பொரிந்தவன். விரல் கடை நீளம், வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகள், முதுகில் கறுப்புக் கொம்புகள். இன்று அவன் சாப்பிட்டதைப் பார்த்தேன். இலையின் நடு நரம்பில் அடிப்பக்கமாக ஒரு வெட்டு. பால் ஒழுகியது. விலகி நின்றான். ஒழுகி முடிகிற வரை காத்திருந்துவிட்டு, வெட்டுக்கு அந்தப் பக்கம் நுனியில் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்றான். அங்கே பால் வர வழியில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, மெயினை ஆஃப் பண்ணிட்டுல்லா வேலை பாக்கான்!" என்றார். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நான் இதை நடத்தின விதம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது. கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 23, வியாழன்

கருணாகரன் போனில் பெயர் கேட்டார். இப்போது பெயரே எடுக்கக் கூடாது என்றேன். சரி என்றார். அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "பொண்ணா இருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

பெண்ணாக இருந்தால் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

அப்பாவுக்குக் கண்ணில் பால் பட்டுவிட்டது. இப்போது பரவாயில்லை.

இலை பறித்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேர்வை வழிந்திருக்கிறது. துடைத்த துண்டாலேயே முகத்தையும் துடைத்திருக்கிறார். "அம்மா" என்று ஒரு சத்தம். கம்பத்தில் ஷாக் அடித்து விழுந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தினதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நான் எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். நாலு எட்டுதான். பாத்ரூமில் வாளி இருந்தது, பாதித் தண்ணீர்கூட இருக்காது. முகத்தை நிமிர்த்திப் பிடித்துக் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "போ தாயி, போய்ப் படு, போய்ப் படு" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறக்காமலே என்னைத் தள்ளினார். பலம் இல்லாமல் தள்ளினார், வயிற்றில் பட்டுவிடக் கூடாதென்று.

சத்தம் கேட்டு வேலுத்தாய் அக்கா ஓடிவந்தார். என்னைக் கட்டிலில் போட்டுவிட்டு அவரை ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சீக்கிரம் கழுவினதால் பார்வை தப்பியது, மங்கல் போக ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். சொட்டு மருந்து, ஒரு கண்ணில் கட்டு.

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். அவருக்குத்தான் இந்தப் புழுப் பைத்தியம்.

ஜனவரி 27, திங்கள்

இடுப்பில் லேசாக வலி. படுத்தே கிடந்தால் யாருக்கும் வரும்.

அப்பா ஒற்றைக் கண்ணோடு தோசை வார்த்தார். ஒன்றுக்கும் வட்டமில்லை. "குஜராத் மேப் மாதிரி இருக்கு" என்று கருணாகரனுக்குப் படம் அனுப்பினேன். கட்டுப் போட்ட கண் அதில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

வலி இல்லை. காலையில் இருந்தது, இப்போது இல்லை. அப்பா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

பெண்.

நேற்று முன்தினம் விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. தையலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் உயிர் இருந்தது என்றார்கள். நர்ஸ் துணியில் சுற்றிக் காட்டினாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது அவள் முதுகு. கைவிரல்களில் நகம் இருந்தது. எந்த வாரத்தில் நகம் வரும் என்று வருடா வருடம் நடத்துகிறேன்.

அப்பாவும் வேலுத்தாய் அக்கா வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா கண்ணில் அப்போதும் கட்டு இருந்தது. எங்கே என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

சேர்த்த அன்றே டாக்டரம்மா கேட்டார், "எந்திரிச்சு நடந்தீங்களா? எதையாவது தூக்கினீங்களா?" அப்பா என் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அப்பா என் தலையணையைச் சரிசெய்தார்.

இன்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அப்பா நேத்து என்கிட்ட வந்தார். 'எம் மக எந்திரிச்சா, நெறைஞ்ச வாளியைத் தூக்கினா, எனக்காகத்தான், அவ பொய் சொல்லுதா'ன்னு சொல்லி அழுதார். நான் அவர்கிட்டச் சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். உள்ளே தொற்று இருந்திருக்கு. அது முன்னாடியே ஆரம்பிச்சது. நீங்க அசையாமக் கிடந்திருந்தாலும் இது நடந்திருக்கும்" என்றார்.

நிஜமாகவே அப்படித்தானா, அல்லது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. டாக்டர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நானும் தோற்ற பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

பாதி வாளி என்று எழுதியிருந்தேன். நிறைந்த வாளிதான்.

பிப்ரவரி 1, சனி

வீட்டில் முதல் காலை. ஜாடியில் ஏழு புழுவும் சுருண்டு கிடந்தன. இத்தனை நாள் இலை போட ஆள் ஏது? ஜாடிக்குள் பிறந்தவற்றுக்கு வெளியே போய்த் தேடவும் வழியில்லை. வேலுத்தாய் அக்கா ஜாடியை எடுத்துக்கொண்டு போனார், திரும்பிக் கொண்டுவரவில்லை.

பத்து மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெட்டுகிற சத்தம். அப்பா. அரிவாளை ஓங்கி ஓங்கி எருக்கை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே வெட்டில் விழுகிற செடிதான் அது. விழுந்த பிறகும் வெட்டிக்கொண்டிருந்தார். கிளை, தண்டு எங்கே பட்டாலும் பால் கொட்டியது. அவர் கை, வேட்டி, அரிவாள் எல்லாம் வெள்ளை. கட்டுப் பிரித்த கண் இன்னும் சிவந்திருந்தது.

"அப்பா! கண்ணு! கண்ணுல பட்டுரும்! நிறுத்துங்க!"

அவர் நிறுத்தவில்லை.

"செடி மேல என்னப்பா தப்பு? அதைக் கிள்ளாம இருந்தா அது யாரை என்ன செய்யப் போகுது?"

நிறுத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை, அம்மா செத்த அன்றுகூட. அரிவாளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நான் செடியைப் பற்றித்தான் சொன்னேன்.

மத்தியானம் சாதம் வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. கருணாகரன் ரயிலேறிவிட்டார். திங்கட்கிழமை வந்துவிடுவாராம். அவரிடம் என்ன சொல்வது என்று அப்பா கேட்கவில்லை. ஆனால் அவருடைய பையைத் திறந்து வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மருமகன் முகத்தில் முழிக்காமல் நாளைக்கே கிளம்பிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மார்பு கல் மாதிரி கனத்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தபோது ஜாக்கெட் நனைந்திருந்தது. இரண்டு பக்கமும்.

பால் வந்திருக்கிறது.

முந்தின இரண்டும் ஐந்து மாதம் ஆகும் முன்னாலேயே போய்விட்டன. அதனால் இது எனக்குத் தெரியாது. இவள் கொஞ்சம் பெரியவள். குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. இதுவும் பாடத்தில் உண்டு, ஹார்மோன் பெயர்களோடு. போன வருடம் பொதுத்தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாக வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

வேலுத்தாய் அக்காவைக் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் கதவுக்குள்ளிருந்தே சொன்னேன். அக்கா வந்து பார்த்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்புறம் வெளியே தலையை நீட்டி, "அண்ணாச்சி, பால் கட்டிருச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் அப்பா சட்டையை மாட்டுகிற சத்தம் கேட்டது.

"பால் வத்த மல்லிப்பூ வச்சுக் கட்டணும். வாரேன்" என்றார்.

சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கிற சத்தம். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒற்றைக் கண் மங்கலோடு பஜாருக்கு சைக்கிளில் போகிறார்.

தை மாதம், முகூர்த்த நாள், பூவுக்கு எவ்வளவு கிராக்கி! வர நேரமாயிற்று. பை நிறைய உதிரி மல்லிகை. கதவிடுக்கு வழியாக அக்கா வாங்கிக்கொண்டார். அப்பா உள்ளே வரவில்லை. அக்கா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பூவை அள்ளி அள்ளி மார்பில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றினார். பூ குளிர்ந்திருந்தது. அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

"பூக்காரி கல்யாண வீடான்னு கேட்டா" என்றார் அப்பா வெளியிலிருந்து. "என்னத்தச் சொல்ல? ஆமான்னுட்டேன்."

அக்கா துணியை இன்னும் இறுக்கினார். அப்புறம் முடிச்சுப் போட்டார்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும், இப்படி வைக்கணும்னு?"

சைக்கிள் சாவியை அவர் ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க அம்மைக்கும் வாங்கிட்டு வந்தேம்லா. நீ பொறக்கதுக்கு முந்தி. ஆம்பளப் பிள்ள. எட்டு நாள் இருந்தான். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா."

அம்மா என்னை வளர்த்தபோதெல்லாம் அவளுக்கு இது தெரிந்திருந்தது. நான் காய்ச்சலில் கிடந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அவளிடம் ஒன்றும் கேட்க முடியாது.

"தாயி" என்றார் அப்பா. குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "எங் கண்ணு போயிருந்தா போயிட்டுப் போகுது. எனக்கு இனி அத வச்சு என்னத்தப் பாக்கணும்? நீ எந்திரிச்சிருக்கக் கூடாது. நான் கத்தாம இருந்திருக்கணும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும். டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும். நான் கத்தினேன், நீ வந்த. மருமகன்கிட்ட நானே சொல்லிட்டுப் போயிருதேன். அதுக்குத்தான் இருக்கேன்."

"இலையைப் பறிக்கச் சொன்னது யாருப்பா?"

"அது..."

"பறிச்சுத் துடைங்க, கழுவிப் போடுங்கன்னு சொன்னது யாரு? நானா நீங்களா?"

அவர் நகம் கதவு நிலையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"நான்தானப்பா சொன்னேன். நான் அழுதேன்னுதான நீங்க செஞ்சீங்க?" குரல் உயர்ந்துவிட்டது, மார்பு வலித்தது. அக்கா தோளை அழுத்தினார். "அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க எங்கயும் போகக் கூடாது. கேட்டுக்கோங்க. டாக்டரம்மா சொன்னது நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கே நான் இதே மாதிரி பிள்ளையோட படுத்திருந்து, நீங்க திரும்ப அப்படிக் கத்தினாலும், நான் எந்திரிச்சுத்தான் வருவேன். படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தரையில் உட்கார்ந்தது கேட்டது. அப்புறம் அழுதார். ஆஸ்பத்திரியில் என் முன்னால் அழாதவர், அவளை எடுத்துக்கொண்டு போனபோது அழாதவர், இப்போது சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். அழ அழப் பால் வந்தது, கட்டின பூவெல்லாம் நனைந்தது. வேலுத்தாய் அக்கா எங்கள் இரண்டு பேரையும் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. கதவை முழுசாகத் திறந்துவைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்கப் போனார்.